முக்கோணமும் வட்டமும் சரிபாதி

அறிவிலும் பொறுமையிலும் என்னைவிடப் பெரியவரும், வயதில் மட்டும் சிறியவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் எங்கள் நான்கு முழங்கால்களும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து நத்தைகளும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கேள்வி கிடைத்தது. "யார் யார் எந்தக் களிம்பைப் பூசிக்கிட்டாங்க? உடனே சொல்லுங்க" என்று போனில் கேட்டிருந்தீர்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாலே நீங்கள் நடுவில் "அய்யோ" என்கிறீர்கள். இரண்டாவது அய்யோவுக்குப் பிறகு எனக்குக் கோர்வை போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் அங்கே எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் எனக்கு இங்கே கேட்காது. ஆகவே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

முதலில் நடந்ததை நடந்தபடி நினைவுபடுத்துகிறேன். எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கிட்டத்தட்ட எல்லோருமே முழங்கால் வலிக்காரர்கள். உங்கள் புதுக் களிம்பைச் சோதித்துப் பார்க்க இத்தனை முழங்கால்கள் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது அபூர்வம் என்று சொல்லி, நீங்களும் என் மகளும் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தீர்கள். கீழே கூட்ட அறையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினீர்கள். பேச்சு நன்றாகவே இருந்தது. சிலர் தூங்கியது பேச்சினால் அல்ல, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்ததால். பாதிப் பேருக்கு முக்கோணம் ஒட்டிய டியூப், மீதிப் பேருக்கு வட்டம் ஒட்டிய டியூப். ஒன்றில் இயற்கைப் பொருளிலிருந்து பிரித்தெடுத்த மருந்து இருக்கிறது, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்று பூசிக்கொள்கிறவர்களுக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியாது, எல்லாம் முடிந்தபிறகு தலைமை விஞ்ஞானி உறையைப் பிரித்தால்தான் தெரியும் என்றீர்கள்.

உங்களுக்கும் தெரியாது என்ற இடத்தில் எனக்கு மானம் போய்விட்டது. மருந்து செய்தவருக்கே எதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்பதை நாலு பேர் நடுவில் சொல்லலாமா? மூன்றாம் மாடி ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் அந்தப் பார்வையை அவர் கூடவே கொண்டுவந்துவிட்டார். நான் உடனே எழுந்து, "மாப்பிள்ளைக்குத் தெரியும், அடக்கத்துக்காகத் தெரியாதுன்னு சொல்றார்" என்று சமாளித்தேன். அப்போது நீங்கள் ஏன் நெற்றியைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கிளம்புகிற நேரத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, என் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, இந்த ஆராய்ச்சி தேறலைன்னா அவரோட லேபை இழுத்து மூடிடுவாங்க. அவரை இருமல் மிட்டாய் பிரிவுக்கு மாத்திடுவாங்க. நாள் முழுக்க மிட்டாயை வாயில போட்டு ருசி பார்க்கிற வேலை. அவருக்கு இனிப்பே பிடிக்காதுப்பா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், நீ புதுசா எதுவும் பண்ணிடாதே" என்றாள். நான் புதிதாக எதுவும் செய்யவில்லை. எடை அளவு ஆய்வாளராக இருந்து காலமெல்லாம் என்ன செய்தேனோ அதையேதான் செய்தேன்.

இரண்டாவது விஷயம் உங்களால் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறீர்கள். நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு சின்னச் சுருக், அவ்வளவுதான். அன்று வாசலில் நின்று, "மாமா, யாரும் டியூபை மாத்திக்காம நீங்கதான் பார்த்துக்கணும். நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன்" என்றீர்கள். மாமா! உங்கள் கார் தெருமுனை திரும்பியதும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை உங்கள் மாமியார் பார்த்துவிட்டாள். நீங்களும் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடும் பட்டேன். மேலே படிக்கும்போது இதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

நீங்கள் போன அன்று மாலையே எங்கள் லிஃப்ட் நின்றுவிட்டது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஹெட்மிஸ்ட்ரஸ். கதவு இடுக்கு வழியாக அவர் எங்களை வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவராகப் பேசச் சொல்லி, சத்தம் போட்டவரை வெளியே அனுப்பி, தன் மீட்பைத் தானே நடத்திக்கொண்டார். லிஃப்ட் கம்பெனிக்கு அன்றைக்கே மனு எழுதினேன். "ஆள் வருவாங்க சார்" என்றார்கள். வாராவாரம் மனு எழுதினேன். வாராவாரம் ஆள் வருவாங்க சார். சரி, அதை விடுங்கள்.

டியூப் தகராறு மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் மாடியில் ஒரே வீட்டில் இருக்கும் இரட்டையர்களை நினைவிருக்கும். ஒருவர் கால் மணி நேரம் முந்திப் பிறந்துவிட்டதால் அவர் பெரியவர், மற்றவர் சின்னவர். பெரியவருக்கு வட்டம் வந்திருந்தது, சின்னவருக்கு முக்கோணம். பெரியவர் டியூபைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றார். "வட்டம்னா என்ன சார்? சைபர். உள்ளே ஒண்ணும் இல்லைன்னு வெளியிலேயே எழுதிக் குடுத்திருக்கார் உங்க மாப்பிள்ளை. மூத்தவனுக்கு வெறும் பசை, இளையவனுக்கு மருந்தா? எங்கப்பா இருந்திருந்தா இப்படி நடக்குமா?" என்று கேட்டார். அவர் இறங்குவதற்குள் முதல் மாடி பஸ் டிரைவர் ஏறி வந்துவிட்டார். அவருக்கு முக்கோணம். "ஆயுசு பூரா வண்டி ஓட்டினவன் சார் நான். ரோட்டோரத்துல முக்கோணம் வெச்சா என்ன அர்த்தம்? முன்னாடி பள்ளம், பார்த்துப் போன்னு அர்த்தம். இதை நான் கால்ல தடவணுமா?" என்றார்.

இருவரையும் சமாதானப்படுத்த ஹெட்மிஸ்ட்ரஸை அழைத்தேன். அதுதான் நான் செய்த ஒரே பிசகு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பொறுமையா யோசிக்கணும். எல்லாரும் முக்கோணத்துலதான் மருந்து இருக்கும்னு நினைப்பாங்கன்னு விஞ்ஞானிக்குத் தெரியாதா? தெரியும். அதனால வட்டத்துல வெச்சிருப்பார். ஆனா நாம இப்படி யோசிப்போம்னும் அவருக்குத் தெரியும். அதனால முக்கோணத்துலதான் வெச்சிருப்பார். ஆனா அதையும் நாம கண்டுபிடிச்சிடுவோம்னு..." என்று தொடங்கினார். சாப்பாட்டு நேரத்துக்கு முக்கோணத்தில் இருந்தார். சாயங்காலம் வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கட்டடமே அந்தப் பக்கம் சாய்ந்தது.

அப்புறம் என்ன? பண்டமாற்று கொடிகட்டிப் பறந்தது. காலையில் ஒரு முக்கோணத்துக்கு இரண்டு வட்டம். டிரைவர் பள்ளத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனதும் ஒரு வட்டத்துக்கு இரண்டு முக்கோணம். சிலர் ஒட்டியிருந்த காகிதத்தை மட்டும் உரித்து மாற்றினார்கள். ஒருவர் வட்டத்துக்குள்ளே பேனாவால் முக்கோணம் வரைந்துகொண்டு, இரண்டு பலனும் தனக்கே என்று திரிந்தார். சின்னவர் தன் டியூபைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார். பெரியவர் தூங்காமல் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கையில் எது என்று அந்த வாரக் கடைசியில் ஆண்டவனுக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்பதுதான் ஏற்கெனவே தெரிந்ததாயிற்றே.

இந்த நிலையில் நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? சந்தையில் கால் கிலோவுக்கு ஒரு சிட்டிகை குறைந்தால்கூட விடாதவன் நான். என் கட்டடத்தில், என் கண்ணெதிரே, ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது அநியாயம் இல்லையா? அதுவும் என் மாப்பிள்ளை கையால் நடந்த அநியாயம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. பொதுக்கூட்டம் போட்டேன். எல்லோரும் தங்கள் டியூப்களைக் கொண்டுவந்து பிதுக்கிவிட வேண்டும், அத்தனையையும் ஒன்றாகக் கலந்து எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்று அறிவித்தேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. பெரியவரும் சின்னவரும் பல வருஷத்துக்குப் பிறகு ஒரே பக்கம் கை தூக்கியதைப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸே மூக்கை உறிஞ்சினார்.

உங்கள் மாமியார் துணி ஊற வைக்கும் வாளியை சோப்பு வாசனை போகிறவரைக்கும் கழுவினேன். டிரைவர் டியூப்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கி, ஒரு பொட்டு விடாமல் வாளியில் இறக்கினார். என் அப்பா காலத்து மரக்கரண்டியை எடுத்துக் கிளறினேன். சுத்தமான கரண்டி, சந்தேகம் வேண்டாம். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எனக்குப் பரிசாகக் கொடுத்த பித்தளைத் தராசில் நிறுத்து, ஆளுக்கு ஒரு கண்ணாடிச் சீசா. உண்மைக்கு மாறாக இருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு சீசாவிலும் ஒரு முக்கோணமும் ஒரு வட்டமும் ஒட்டினேன். ஆக, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: எல்லோரும் எல்லாவற்றையும் பூசிக்கொண்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும்.

சீசாவை அவரவர் கையில் கொடுத்திருந்தால் மறுபடியும் பண்டமாற்று தொடங்கிவிடும். ஆகவே அத்தனையையும் என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தினமும் காலையில் எல்லோரும் நான்காம் மாடிக்கு என் வீட்டுக்கு வந்து, என் கண் முன்னால் பூசிக்கொண்டு இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. லிஃப்ட் ஓடாத நேரத்தில் முழங்கால் வலிக்காரர்களைத் தினமும் நாலு மாடி ஏறச் சொல்வது கொடுமைதான். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் நீங்கள் என்னை மாமா என்று கூப்பிட்டு ஒப்படைத்த காரியம். முதல் வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரியவர் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஏறினார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் திட்டியது முழுக்க முழுக்க இலக்கண சுத்தமாக இருந்தது. டிரைவர் ஒவ்வொரு மாடியிலும் நின்று ஹாரன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

உங்கள் மருந்தின் மகிமையை நான் அப்புறம்தான் பார்த்தேன். இரண்டாம் வாரத்தில் பாதி வழியில் உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். மூன்றாம் வாரத்தில் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். அதற்கடுத்து ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியை என் மேஜையில் மறந்துவிட்டு இறங்கி, அதை எடுக்க மறுபடி ஏறி வந்து, கைக்குட்டையை மறந்துவிட்டு இறங்கி, அதற்கும் ஏறி வந்தார். மூச்சு வாங்கவே இல்லை. இரட்டையர்கள் யார் முதலில் என் வீட்டு அழைப்புமணியை அடிப்பது என்று ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். என்ன களிம்பு, மாப்பிள்ளை! நான் வாசலில் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். பக்கத்தில் நின்ற உங்கள் மாமியாரிடம், "பார்த்தியா, நம்ம மாப்பிள்ளை" என்றேன். அவளும் பூரித்துப்போனாள், அது தன் வாளி என்று தெரிகிறவரைக்கும்.

வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் குறித்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். மதிப்பெண் போடுவதில் அனுபவம் உள்ளவர் என்று அதை ஹெட்மிஸ்ட்ரஸிடம் விட்டேன். அதில் ஒரு சின்னச் சிக்கல். வலி குறையக் குறைய மதிப்பெண்ணைக் குறைக்க அவருக்கு மனசு வரவில்லை. "நல்லா நடக்கிற ஆளுக்கு எப்படி சார் ரெண்டு மார்க் போடறது? ஃபெயில் ஆயிடுவாரே" என்றார். டிரைவர் ஒருநாள் தன் காலை நீட்டி மடக்கிக் காட்டியதற்கு மெச்சி ஒன்பது போட்டார். சின்னவருக்கு ஐந்து போட்டு, முயற்சி தேவை என்று எழுதினார். உங்கள் கணக்கில் எங்காவது எண்கள் தலைகீழாக நின்றால் அது இதுதான்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த காரியம், வாளிக் களிம்பு தீர்ந்ததும் ஆட்டம் கண்டது. உங்களிடம் இன்னும் கேட்டால் ஏன் தீர்ந்தது என்று கேட்பீர்கள், நான் வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும், நீங்கள் அய்யோ என்பீர்கள். ஆகவே உள்ளூரிலேயே வழி தேடினோம். என் மகள் தன் அம்மாவிடம் போனில், "அவருக்கு நத்தையோட வழுவழுப்பைச் சேகரிக்கவே நேரம் சரியாயிருக்கு, வீட்டுக்கு வந்தாலும் அந்த ஞாபகம்தான்" என்று அலுத்துக்கொண்டிருக்கிறாள். அது மாமியார் காதிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் காதுக்குப் போக ஒரு காபி குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. இயற்கைப் பொருள் என்று நீங்கள் மூடி மூடிப் பேசியது நத்தையைத்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் ஈரச் சுவரில், கொள்ளை கொள்ளையாக நத்தை. "டியூபுல அடைச்சு, கார்ல ஏத்தி, இங்க கொண்டுவந்து பிதுக்குறதுக்கு நேரா நத்தையையே கால்ல விட்டா என்ன?" என்று டிரைவர் கேட்டார். நியாயம்தானே என்று எல்லோரும் தொட்டியடிக்கு இறங்கினோம்.

நத்தைகளைக் கழுவினோம். ஏற்றத்தாழ்வு வரக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்தேன். பெரிய நத்தை கிடைத்தவருக்கு மறு முழங்காலுக்குச் சின்ன நத்தை. ஓட்டின் மேல் என் பழைய முத்திரையைக் குத்தினேன். நான்காம் மாடிப் படிகளில் வரிசையாக உட்கார்ந்து, காலுடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு நத்தையோடு அத்தனை பேரும் அசையாமல் இருந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐந்தாம் மாடியில் காலியாக இருக்கும் வீட்டைப் பார்க்க அன்றைக்கென்று ஓர் இளம் தம்பதி படியேறி வந்தார்கள். "பயப்படாதீங்க, இது சயின்ஸ்" என்று டிரைவர் சொன்னார். அவர்கள் வந்த வேகத்தைவிட இறங்கிய வேகம் அதிகம். அவர்களுக்கு முழங்கால் வலி இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்குள் பெரியவரின் நத்தை மெதுவாக நகர்ந்து சின்னவரின் முழங்காலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. "என் நத்தையைக் கொடு" என்றார் பெரியவர். "அதுவா வந்துச்சு. அதுக்கு யார் நல்லவன்னு தெரியும்" என்றார் சின்னவர். நான் ஓட்டில் குத்திய முத்திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்குள் இன்னொரு நத்தை என் வீட்டுக்குள்ளேயே போய், லிஃப்ட் கம்பெனிக்கு எழுதி மேஜையில் வைத்திருந்த மனுவைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. என் கையொப்பமும், முதியோர், பரிதாபம் என்ற இரண்டு சொற்களும் மட்டும் மிஞ்சின. மறுபடி எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டு, கிழிந்ததை அப்படியே வழவழப்போடு உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒழுங்காக எழுதிய மனுக்களையே படிக்காதவர்கள் இதையா படிக்கப் போகிறார்கள்?

இந்த நேரத்தில்தான் என் மகளின் போன் வந்தது. முக்கோணக்காரர்களும் வட்டக்காரர்களும் ஒரே அளவு குணமாகியிருக்கிறார்கள் என்று கணக்கு காட்டுகிறதாம். தலைமை விஞ்ஞானி உங்களைக் கூப்பிட்டு, "ஒண்ணு, உங்க மருந்துல ஒண்ணுமே இல்லை. இல்லைன்னா வெறும் களிம்பு அதிசயக் களிம்பு. ரெண்டுல எதுன்னு, லேபை வெச்சுக்கலாமான்னு முடிவு பண்ற குழு முன்னாடி சொல்லுங்க" என்றாராம். நீங்கள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். இருமல் மிட்டாய்ப் பிரிவிலிருந்து மாதிரிக்கு ஒரு டப்பா உங்கள் மேஜைக்கு வந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது என் மகள் அழுதுவிட்டாள். என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனவர் அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இங்கே எப்படிச் சோறு இறங்கும்?

அன்றைக்கே உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க விஷயம் பளிச்சென்று புரிந்தது. நீங்கள் கவலைப்படவே தேவையில்லை. மருந்தும் வெற்றி, களிம்பும் வெற்றி. ஆனால் தனித்தனியாக இல்லை. மருந்தையும் மருந்தில்லாததையும் சரிபாதி, வாளியில், கைநிறுவையாகக் கலந்தால்தான் முழங்கால் குணமாகிறது. இதுவரை எந்த விஞ்ஞானிக்கும் இது தோன்றாமல் போனதற்குக் காரணம், அவர்கள் யாரும் எடை அளவுத் துறையில் வேலை பார்க்காததுதான். கண்டுபிடிப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வாளியை மட்டும் எங்காவது ஒரு வரியில் குறிப்பிட்டால் உங்கள் மாமியாரின் கோபம் தணியும்.

நீங்கள் கூச்ச சுபாவம் உள்ளவர், இதை எடுத்துச் சொல்லத் தயங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே உங்களைக் கேட்காமல் நானே குழுத் தலைவி அம்மையாருக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். வாளி, தராசு, நத்தை எதையும் மறைக்கவில்லை. வெறும் பேச்சை அவர்கள் நம்ப மாட்டார்கள் என்பதால், குழு கூடுகிற நாளில் நாங்கள் அத்தனை பேரும் நேரில் வருகிறோம் என்றும், குழு கூடும் ஆறாம் மாடிக்கு லிஃப்டைத் தொடாமல் படியேறியே வந்து காட்டுகிறோம் என்றும் எழுதியிருக்கிறேன். டிரைவர் வேன் பிடித்துவிட்டார், அவரே ஓட்டுகிறார். ஹெட்மிஸ்ட்ரஸ் உங்களைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். இரட்டையர்கள் கடைசி மாடியை ஓடியே ஏறுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒரு பொட்டு வலி இல்லை. இதற்குமேல் உங்கள் லேபை மூட எந்தக் குழுவுக்குத் துணிச்சல் வரும் என்று நானும் பார்க்கிறேன்.

ஆகவே நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அந்த மிட்டாய் டப்பாவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். என் மகளிடம் அப்பா புதிதாக எதுவும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் ஆராய்ச்சி தழைக்கவும், உங்கள் நத்தைகள் பெருகவும், நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் குறைவில்லாமல் நிறைய வருஷம் வாழவும், தராசின் முள் நடுவில் நிற்கிற மனசோடு வாழ்த்துகிறோம். இனி போன் செய்யும்போது மாமா என்றே கூப்பிடலாம். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மீது உயிரையே வைத்திருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: நீங்கள் உடனே பதில் கேட்டிருந்தீர்கள். ஆனால் உங்கள் மாமியார் இந்தக் கடிதத்தைப் படித்து, வாளியைப் பற்றிய இடங்களைத் திருத்தி, அனுமதி கொடுப்பதற்குள் நாலைந்து நாள் ஓடிவிட்டது. அதற்குள் இங்கே ஒரு நல்ல செய்தி. லிஃப்ட் ஓடுகிறது! நத்தை தின்ற மனுவைப் பார்த்து, கட்டடத்துக்குள் முதியவர்களுக்கு ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் பயந்து, மறுநாளே ஆள் அனுப்பினார்கள். மெக்கானிக் கம்பிக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒருவரும் படியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் மாடி டிரைவர்கூடக் கீழே போய்த் தபால் எடுக்க லிஃப்டில்தான் போகிறார். ஆசைக்கு இரண்டு முறை மேலும் கீழும் போய்விட்டுத்தான் இறங்குகிறார்.

ஒரே ஒரு குறை. நேற்றிலிருந்து எல்லோருக்கும் முழங்கால் வலிக்கிறது. பெரியவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. சின்னவருக்கு அதைவிட அதிகம் என்று சின்னவர் சொல்கிறார். ஹெட்மிஸ்ட்ரஸ் தனக்குத் தானே பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டார். நானும் உங்கள் மாமியாரும் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதிய நான்கு முழங்கால்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். மெக்கானிக் போட்ட எண்ணெயின் வாடைதான் உங்கள் மருந்தை முறித்துவிட்டது, வேறு காரணமே இருக்க முடியாது. நீங்கள் இதைத் தனியாக ஆராய வேண்டும். லிஃப்டைப் பழையபடி நிறுத்தி வைக்கும்படி கம்பெனிக்கு மனு எழுதிவிட்டேன். ஆள் வருவாங்க சார் என்றார்கள்.

குழுத் தலைவி அம்மையாரிடமிருந்து பதில் வந்துவிட்டது. எங்களை ஆவலோடு எதிர்பார்ப்பதாகவும், ஆறாம் மாடிப் படிக்கட்டின் உச்சியில் குழுவினர் அனைவரும் நின்று வரவேற்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கொடுத்த வாக்கை மீறுவது எங்கள் கட்டடத்தில் வழக்கமில்லை. நாளை மறுநாள் காலையில் வேன் கிளம்பும். ஒவ்வொருவரையும் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒன்றே ஒன்று மட்டும் விசாரித்து வையுங்கள், மாப்பிள்ளை. உங்கள் ஆபீசில் லிஃப்ட் ஓடுகிறது அல்லவா? ஓடவில்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். மனு எழுத மாமா இருக்கிறேன்.